நம் வீட்டில் இடம் எங்கே?

மும்பை நகரத்தில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். பலருடைய தாத்தாவும் பாட்டியும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். அங்கே வீடு என்றால் பெரும்பாலும் ஒரே ஓர் அறைதான். அதைக் 'கோலி' என்று சொல்வார்கள். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் இருந்தால் நல்ல வீடு என்று பெயர்.

அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். ஆக ஐந்து பேர். சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, தூங்குவது எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். மூத்த பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பொதுத் தேர்வு வரப் போகிறது. அவள் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள்? வாசற்படியில். சந்தில் போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போகிறார்கள். மழை வந்தால் புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே வருகிறாள். உள்ளே கால் நீட்ட இடம் இல்லை.

வீடு சிறியது, ஆகையால் இடம் இல்லை என்று நாம் சொல்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அளந்து பாருங்கள்

ஓர் அளவு டேப் போதும். டேப் இல்லாவிட்டால் பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலே போதும். அது சரியாக ஓர் அடி இருக்கும்.

பத்தை பன்னிரண்டால் பெருக்கினால் 120. வீட்டின் தரை 120 சதுர அடி. இதில் கட்டில் ஆறடி நீளம், நான்கடி அகலம். அது 24 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. பீரோவுக்கு, கதவைத் திறக்கும் இடத்தையும் சேர்த்து, 10. அடுப்பு மேடையும் கேஸ் சிலிண்டரும் 12. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரு மூலையில் சிறு தொட்டிபோல் கட்டியிருப்பார்கள். அதற்கு 'மோரி' என்று பெயர். அது 9. தண்ணீர் டிரம் இரண்டு 8. ஃபிரிட்ஜ் 4. டி.வி. வைத்த மேசை 6. பழுதாகி நிற்கும் துணி துவைக்கும் இயந்திரம் 4. சுவர் ஓரமாக அடுக்கிய பெட்டி, மூட்டை, அட்டைப்பெட்டி, பை எல்லாம் சேர்ந்து 15.

கூட்டிப் பாருங்கள். 92 வருகிறது. மீதி 28 சதுர அடி. ஒருவர் கால் நீட்டிப் படுக்க ஆறுக்கு இரண்டு, அதாவது 12 சதுர அடி வேண்டும். ஆகவே தரையில் இரண்டு பேர்தான் படுக்கலாம். கட்டிலில் இரண்டு பேர். ஐந்தாவது ஆள் வெளியில் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் பரணில் சுருண்டுகொள்ள வேண்டும். மும்பையில் பரணை 'மாளா' என்பார்கள். ஆனால் பரணிலும் பாத்திரம்தான் படுத்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்த வீட்டுக்கு மாத வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6,000-ஐ 120-ஆல் வகுத்தால் 50. ஒரு சதுர அடிக்கு மாதம் 50 ரூபாய் வாடகை. பழுதான இயந்திரம் 4 சதுர அடியில் நிற்கிறது. அதற்காக நாம் மாதம் 200 ரூபாய் கொடுக்கிறோம். ஆண்டுக்கு 2,400 ரூபாய். சுவர் ஓரத்து மூட்டைகளுக்கு மாதம் 750. ஆண்டுக்கு 9,000 ரூபாய். அந்த மூட்டைகளில் இருப்பதை எல்லாம் விற்றால் 9,000 ரூபாய் வருமா? வராது.

பழுதான இயந்திரத்துக்கு வாடகை கட்டுகிற நாம், படிக்கிற பெண்ணுக்கு ஒரு பாய் அகல இடம் கொடுக்க முடியாமல் இருக்கிறோம்.

ஏன் சேர்கிறது?

'உங்களுக்குச் சேர்த்து வைக்கும் புத்தி' என்று படித்தவர்கள் சிலர் கேலி செய்வார்கள். அது சரியல்ல. இல்லாமையை அனுபவித்தவர்கள் எதையும் எளிதில் தூக்கிப் போட மாட்டார்கள். கயிற்றுத் துண்டு உதவும். பழைய வாளி மண் அள்ள உதவும். தார்ப்பாய் மழைக்கு உதவும். கையில் காசு இல்லாத நாளில் இவைதான் கை கொடுத்தன. ஆகவே சேர்த்து வைப்பதில் அறிவு இருக்கிறது. அதை நாம் மதிக்க வேண்டும்.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. முன்பு ஒரு வீட்டுக்குள் புதிய பொருள் வருவது அரிது. பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. இப்போது வாரா வாரம் வருகிறது. தெருவில் எது எடுத்தாலும் பத்து ரூபாய் என்று வண்டி வருகிறது. கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். போனைத் தொட்டால் அட்டைப்பெட்டி வாசலுக்கு வருகிறது. பணத்தை அப்போது கொடுத்தால் போதும். வருவது இப்படிப் பெருகிவிட்டது. ஆனால் எதையும் விடாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் பழையபடியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 120 சதுர அடி எப்படித் தாங்கும்?

இன்னொரு காரணம், கொடுத்த பணம். 'எட்டாயிரம் கொடுத்து வாங்கியது, எப்படிப் போடுவது?' என்று கேட்கிறோம். அந்த எட்டாயிரம் வாங்கிய அன்றே போய்விட்டது. பொருளை வைத்துக்கொண்டிருப்பதால் அது திரும்பி வராது. பழுதுபார்க்க முடியுமா என்று இந்த மாதமே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேளுங்கள். முடியும் என்றால் உடனே செய்யுங்கள். முடியாது என்றால் அன்றே விற்றுவிடுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்பதற்குத்தான் மாதம் 200 ரூபாய்.

எலியும் கொசுவும்

அடைசலால் இடம் மட்டும் போவதில்லை. உடல் நலமும் போகிறது. எடுக்காத மூட்டைக்குப் பின்னால் எலி குட்டி போடும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியாக உடம்புக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரும். 2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை பெய்தது. சாந்தாகுரூஸ் அளவு நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவானது. தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. அதற்குப் பின் எலிக்காய்ச்சல் பலரைத் தாக்கியது.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். கூரைமேல் கிடக்கும் பழைய டயர், உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா ஆகியவற்றில் தேங்கும் மழைத் தண்ணீர் அதற்குப் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசு ஆவதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை கவிழ்த்துவிட்டால் கொசு உண்டாகாது. கவிழ்ப்பதைவிட அந்த டயரையே அனுப்பிவிடுவது நல்லது.

தண்ணீர் டிரம்மை இதில் சேர்க்கக்கூடாது. குழாயில் தண்ணீர் சில மணி நேரமே வரும் ஊரில் டிரம் தேவையான பொருள். அதை மூடி வையுங்கள். வாரம் ஒரு நாள் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

முதலில் காகிதம்

வீட்டை ஒழிக்க உட்கார்ந்தால் முதலில் கையில் வருவது காகிதம்தான். மஞ்சள் பிடித்த பழைய பில், கிழிந்த கவர், பள்ளி நோட்டு. குப்பை என்று நினைத்துப் பழைய பேப்பர் கடைக்கு மொத்தமாகக் கட்டிப் போட்டுவிடாதீர்கள். மும்பையில் இதனால் வீடே போகலாம்.

எப்படி? மகாராஷ்டிர மாநிலத்தில் குடிசைப் பகுதிகளை இடித்து மாடி வீடுகளாகக் கட்டும் திட்டங்கள் நடக்கின்றன. 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்தவருக்கு இலவசமாக வீடு என்பது விதி. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு, விலை கொடுத்தால் வீடு. எப்போது வந்தோம் என்று வாயால் சொன்னால் போதாது. பழைய மின்சார பில், வாக்காளர் பட்டியலில் இருந்த பெயர், பழைய ரேஷன் கார்டு போன்ற சான்று வேண்டும். 1998-ஆம் ஆண்டு மின்சார பில் ஒன்று உங்கள் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கலாம். அது வெறும் காகிதம் அல்ல.

ஆகவே முதல் நாள் வேறு எதையும் தொடாதீர்கள். வீட்டில் உள்ள எல்லாக் காகிதத்தையும் கட்டிலின் மேல் கொட்டுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வீட்டுச் சான்றுகள் ஒரு பக்கம். பிறப்பு, இறப்பு, பள்ளி, சாதிச் சான்றிதழ்கள் ஒரு பக்கம். வங்கிப் புத்தகம், காப்பீடு, கடன் கட்டிய ரசீது ஒரு பக்கம். மருத்துவச் சீட்டுகள் ஒரு பக்கம். இவை எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பையில் வையுங்கள். அந்தப் பை தரையில் இருக்கக்கூடாது. வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு வசதியாக, கதவுப் பக்கத்தில் உயரமான ஆணியில் தொங்கட்டும். ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து உறவினர் வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது.

மீதிக் காகிதம்தான் எடைக்கு.

எடுக்கும் வேலை

ஒரே நாளில் வீட்டையே கலைத்துப் போட்டால் இரவு படுக்க இடம் இருக்காது. எல்லாவற்றையும் மறுபடி அப்படியே திணித்துவிட்டுப் படுப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடம் போதும். இந்த வாரம் கட்டிலுக்கு அடியில். அடுத்த வாரம் சுவர் ஓரம். அதற்கடுத்த வாரம் பரண். பரணைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் மனசு அதிகம் சிக்கும்.

எடுத்த பொருளை மூன்றாகப் பிரியுங்கள். போன தீபாவளியிலிருந்து ஒரு முறையாவது பயன்படுத்தியது ஒரு குவியல். உடைந்ததும் பழுதானதும் ஒரு குவியல். நல்லதுதான், ஆனால் ஒரு வருடமாகத் தொடவே இல்லை என்பது மூன்றாவது குவியல். முதல் இரண்டில் சண்டை வராது. மூன்றாவதில்தான் வரும்.

பெரும்பாலும் அந்தச் சண்டை அண்டாவைப் பற்றியதாக இருக்கும். ஊரில் கல்யாணத்தின்போது சீராக வந்த பித்தளை அண்டா. ரயிலில் ஏறி மும்பை வந்தது. முப்பது வருடமாகப் பரணில் இருக்கிறது.

"அத்தை, இந்த அண்டாவைக் கடைசியா எப்ப இறக்கினோம்?"

"உன் மூத்தவ சடங்குக்கு இறக்கினோமே."

"அப்பவும் வாடகைப் பாத்திரம்தானே அத்தை எடுத்தோம்?"

"எடுத்தோம். ஆனா எங்கம்மா குடுத்த சீரு. அதைப் போடச் சொல்லுதியா?"

இந்த இடத்தில் மருமகள் வாதாடக்கூடாது. அண்டா அத்தையுடையது. அதைப் பற்றி முடிவு செய்ய வேண்டியதும் அத்தைதான். யாருடைய பொருளோ அவரே முடிவு செய்யட்டும். கணவனின் கருவிப் பெட்டியை மனைவியோ, மனைவியின் புடவையைக் கணவனோ, பிள்ளைகளின் பொம்மையைப் பெரியவர்களோ கேட்காமல் எடுத்துப் போட்டால், வீட்டில் இடம் கிடைத்தாலும் நிம்மதி போய்விடும். பிறகு எல்லோரும் தங்கள் பொருளை ஒளித்து வைக்கத் தொடங்குவார்கள்.

அண்டா இருக்கட்டும். ஆனால் காலியாக இருக்க வேண்டாம். கம்பளி, போர்வை, விருந்தாளிக்கான பாய் விரிப்பு எல்லாவற்றையும் மடித்து அதற்குள் வையுங்கள். இதனால் இரண்டு மூட்டை குறையும். அதே சீரில் வந்த ஆறு குடம், நான்கு போணி, எட்டுத் தாம்பாளம் இருக்குமே, அவற்றில் எதை வைத்துக்கொள்வது என்று அத்தையையே கேளுங்கள். எல்லாவற்றையும் போடச் சொன்னால் ஒன்றுக்கும் சம்மதிக்காதவர், ஒன்றைக் காப்பாற்றிவிட்டால் மற்றதைக் கொடுக்கச் சம்மதிப்பார். சில சமயம் மகள் வீட்டுக்கு, பேத்தி வீட்டுக்கு என்று அவரே பங்கு பிரித்துவிடுவார்.

எங்கே போகிறது?

தாராவிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரார் கழித்த பொருளைப் புதிதாக்கும் தொழில் அங்கேதான் பெரிய அளவில் நடக்கிறது. 'பதின்மூன்றாம் காம்பவுண்ட்' என்ற இடத்தில் நகரம் முழுவதிலுமிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். பிளாஸ்டிக்கை நிறம் வாரியாகவும் தரம் வாரியாகவும் பிரிப்பார்கள். இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்கி, கழுவி, கூரையில் காயவைத்து, உருக்கிக் குருணையாக்குவார்கள். அந்தக் குருணை மறுபடி வாளியாகும், பொம்மையாகும். பெயிண்ட் டப்பாவைச் சுட்டுச் சுத்தம் செய்து, நசுங்கலை நிமிர்த்தி, மறுபடி விற்பார்கள். அட்டைப்பெட்டியைத் திருப்பி மடித்துப் புதுப்பெட்டி ஆக்குவார்கள். உடலை வருத்தும் வேலை அது. புகையும் தூசியும் நிறைந்தது. அதைச் செய்பவர்களால்தான் நாம் கழிக்கும் பொருள் குப்பை மேட்டுக்குப் போகாமல் இருக்கிறது.

மும்பையில் பழைய சாமான் கடைக்காரரை 'பங்கார்வாலா' என்பார்கள். அவரிடம் போகும்போது உலோகங்களைக் கலந்து போடாதீர்கள். செம்புக்கு விலை அதிகம். அடுத்தது பித்தளை. அதற்கடுத்தது அலுமினியம். இரும்புக்குக் குறைவு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிக் கொடுத்தால் இரும்பு விலைதான் கிடைக்கும். விலை நாளுக்கு நாள் மாறும். இரண்டு கடையில் கேளுங்கள். தராசு முள்ளைப் பாருங்கள்.

பழைய போன், பேட்டரி, வயர் ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். செம்புக்காக வயரை எரித்தால் வரும் புகை நஞ்சு. இவற்றைத் திரும்பப் பெற்று முறையாக அழிக்கும் பொறுப்பைத் தயாரிக்கும் நிறுவனங்கள் மேல் சட்டம் வைத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இதற்கான புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. போன் வாங்கிய கடையில் கேளுங்கள்.

துணிக்கு வேறு வழிகள் உண்டு. மகாராஷ்டிரத்தில் பழைய பருத்திப் புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத் தையல் போட்டு, 'கோதடி' என்ற மெத்தை விரிப்புச் செய்வார்கள். வங்காளத்தில் இதையே 'காந்தா' என்கிறார்கள். ஐந்தாறு புடவை ஒரு கோதடியாகிவிடும். வீட்டில் பாய் மேல் போடலாம். கம்பளித் துணிகளுக்கு அரியானாவில் உள்ள பானிபட் நகரம் பெயர் பெற்றது. பழைய கம்பளி உடைகளை நிறம் பிரித்து, கிழித்து, நூலாக்கி, மறுபடி கம்பளமாக நெய்கிறார்கள்.

பாத்திரம் கொடுத்துத் துணி வாங்கிக்கொள்ளும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலையில் எவர்சில்வர் கூடை. மும்பையில் இவர்களுக்குப் 'பாண்டிவாலி' என்று பெயர். குஜராத்தின் வாக்ரி சமூகப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். வாங்கிய துணியைத் துவைத்து, தைத்து, பொத்தான் வைத்துச் சந்தையில் விற்பார்கள். தில்லியில் ரகுவீர் நகரில் இதற்கென்றே விடியுமுன் சந்தை கூடுகிறது. ஏழை எளியவர்கள் அங்கே நல்ல சட்டையைக் குறைந்த விலைக்கு வாங்குகிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் நம் வீட்டுப் பக்கம் இருந்து யோசியுங்கள். இருபது துணி போகிறது, ஒரு பெரிய டப்பா வருகிறது. துணி இருந்த இடத்தில் டப்பா உட்கார்ந்துகொள்கிறது. வேண்டிய பாத்திரம் என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால், 'பாத்திரம் வேண்டாம் அம்மா, காசாகக் கொடுங்கள்' என்று கேளுங்கள். பாத்திரத்தின் விலைக்கு வராது. ஆனால் காசு இடத்தை அடைக்காது.

பெரிய கடைகளின் 'எக்ஸ்சேஞ்ச் மேளா'வும் இதே முறைதான். பழைய மிக்சியைக் கொடுத்தால் புதிய மிக்சியில் 500 ரூபாய் தள்ளுபடி. பழையதை ஒழித்த மகிழ்ச்சியில் 3,000 ரூபாய் செலவழித்துவிட்டு வருகிறோம்.

கதவைப் பார்ப்போம்

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒழித்தாலும், வருகிற வழி திறந்தே இருந்தால் ஆறு மாதத்தில் வீடு பழையபடி ஆகும். ஒழிப்பது ஒரு மாத வேலை. வாங்குவதைக் குறைப்பது அப்படியல்ல. அதைத் தினமும் செய்ய வேண்டும்.

தவணையை எடுத்துக்கொள்வோம். டி.வி.யின் விலை 12,000 ரூபாய். முன்பணம் 2,000, மாதம் 1,000 வீதம் 12 மாதம், படிவச் செலவு 500 என்று கடைக்காரர் சொல்கிறார். மாதம் ஆயிரம்தானே என்று நமக்குத் தோன்றும். கூட்டுங்கள். 2,000, 12,000, 500. மொத்தம் 14,500. டி.வி.க்கு மேல் 2,500 ரூபாய் போகிறது.

'வட்டியே இல்லை' என்றும் விளம்பரம் வரும். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றி வங்கிகளுக்கு எழுதியது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு பெயரில் மறைக்கக்கூடாது என்று சொன்னது. நாமே சோதிக்கலாம். 'கையில் ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவுக்குத் தருவீர்கள்?' என்று கேளுங்கள். 11,000 என்றால், மறைந்திருந்த வட்டி 1,000 ரூபாய்.

தண்டல் இன்னும் கடுமையானது. 10,000 என்று எழுதுவார்கள். 1,000-ஐப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள். நாள் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 9,000-க்கு 1,000 வட்டி, பரவாயில்லை என்று நினைப்போம். ஆனால் அந்த 9,000 நம் கையில் 100 நாளும் இருப்பதில்லை. தினமும் திரும்பிப் போகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிதான், 4,500 ரூபாய்தான் நம்மிடம் இருக்கிறது. 4,500-க்கு 100 நாளில் 1,000 வட்டி. ஆண்டுக்கு நூற்றுக்கு 80 ரூபாய்க்கு மேல். மருத்துவமனைக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்றால் வேறு வழியில்லாமல் வாங்குகிறோம். ஒரு சோபா செட்டுக்காகத் தண்டல் வாங்கலாமா?

வாங்குவதைத் தள்ளிப் போட ஒரு சின்ன வழி இருக்கிறது. பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாத பக்கம் இருக்கும். அதை அடுப்பங்கரையில் மாட்டுங்கள். வாங்கத் தோன்றும் பொருளை அதில் எழுதுங்கள். தேதியும் விலையும் போடுங்கள். ஏழு நாள் கழித்துப் பாருங்கள். இன்னும் தேவை என்று தோன்றினால் வாங்குங்கள். மருந்தும் ரேஷனும் இதில் சேராது. பாதிப் பொருள்களை நாமே கோடு போட்டு அடித்துவிடுவோம். எழுதிப் பழகவும் இது நல்ல வழி.

இலவசம் என்றால் கணக்குப் பாருங்கள். சோப்பு ஐந்து சேர்ந்த கட்டு மலிவுதான், ஏனென்றால் சோப்பு கரைந்து தீரும். பிளாஸ்டிக் டப்பா ஐந்து சேர்ந்த கட்டு மலிவில்லை, ஏனென்றால் அது தீராது. பொட்டலத்தில் அச்சிட்ட விலை அதிகபட்ச விலை. அதற்கு மேல் கேட்கக்கூடாது. குறைத்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இப்போது பல பொட்டலங்களில் ஒரு கிராமின் விலையும் அச்சிடப்படுகிறது. பெரிய பொட்டலம்தான் மலிவு என்று நம்பாமல் அதைப் படித்துப் பாருங்கள்.

பண்டிகை வழக்கங்களும் இருக்கின்றன. மும்பையில் தீபாவளிக்கு முன் 'தந்தேரஸ்' நாளில் ஒரு பாத்திரமாவது வாங்குவார்கள். அங்கே வாழும் நம்மவர்களும் பழகிவிட்டார்கள். வழக்கத்தை விட மனம் வராவிட்டால் ஒரு கரண்டி வாங்குங்கள். கரண்டியும் பாத்திரம்தான். நம் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்கள் எவர்சில்வர் குடமாகக் கொண்டு வருவார்கள். நெருங்கிய சொந்தக்காரர்களிடம், 'மொய்யாக எழுதிவிடுங்கள்' என்று முன்பே சொல்வதில் தவறில்லை. நாமும் அடுத்த வீட்டு விசேஷத்தில் அப்படியே செய்ய வேண்டும்.

சில பொருள்கள் வீட்டுக்கு ஒன்று தேவையில்லை, சந்துக்கு ஒன்று போதும். ஏணி, சுத்தியல், இட்லிப் பெரிய கொப்பரை, விருந்தாளிக்கான மடக்குக் கட்டில். மகளிர் குழு இருந்தால் குழுப் பணத்தில் வாங்கிப் பொதுவில் வைக்கலாம். யார் எடுத்தார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இரண்டே மாதத்தில் சுத்தியல் காணாமல் போகும், நட்பும் கெடும்.

கணக்கு

நாம் எடுத்துக்கொண்ட வீட்டுக்குத் திரும்பிக் கணக்கை முடிப்போம். பழுதான இயந்திரத்தை விற்றால் 4 சதுர அடி. டி.வி.யைச் சுவரில் மாட்டினால் 6. சுவர் ஓரத்து மூட்டைகளைக் குறைத்து, மீதியை அண்டாவிலும் பரணிலும் ஏற்றினால் 10. மொத்தம் 20. முன்பிருந்த 28-உடன் சேர்த்தால் 48. இப்போது தரையில் நான்கு பேர் படுக்கலாம். பகலில் அந்த மூலையில் ஒரு பாயும் சாய்வு மேசையும் போட்டால் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்குப் போதும். அதற்குத் தனியாக ஒரு பல்பு மாட்டுங்கள்.

நீங்களும் போட்டுப் பாருங்கள்:

உங்கள் வீட்டின் நீளம் எத்தனை அடி? அகலம் எத்தனை அடி? மொத்தம் எத்தனை சதுர அடி?

ஒரு வருடமாகப் பயன்படுத்தாத பொருள்கள் எத்தனை சதுர அடியை அடைத்திருக்கின்றன? ஒரு சதுர அடி வாடகையால் அதைப் பெருக்குங்கள். மாதம் எவ்வளவு?

உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் தவணைகள் எத்தனை? ஒவ்வொன்றிலும் பொருளின் ரொக்க விலை என்ன? நீங்கள் கட்டப் போகும் மொத்தப் பணம் என்ன? இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு?

வீட்டுச் சான்றுகள் எங்கே இருக்கின்றன? இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.